கூடாரமும் பீலியும்

பலர் ஒருங்கு கூடி, வீட்டை நீங்கி, வழியிலே தங்கிச் செல்லும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் அதற்குத் தக்க சான்றாகும். நன்னனை நாடி மலைவழியே செல்லும் கூத்தர் கூட்டத்துக்கு, அவ்வழியை முன்னரே கண்டு திரும்பியவன் கூறும் அறிவுரையாக அந்நூல் அமைந்திருக்கிறது. பன்றிக்குப் பொறி வைத்த இடங்களைப் பொழுது புலர்ந்த பின்னரே கடத்தல் வேண்டும். பாம்புகள் உறையும் இடங்களை அறிந்து விலகுதல் வேண்டும். யானையை விரட்டத் தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு அஞ்சி ஒதுங்குதல் வேண்டும். வழுக்குநிலத்தில் கொடிகளைப் பற்றி நடத்தல் வேண்டும் என்றெல்லாம் அவன் சொல்லுகிறான். கூட்டமாய்ச் செல்வோருக்கு விதி இன்றியமையாதது என்பதைப் பண்டைத் தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஆனால் ஒன்றை நோக்குதல் வேண்டும். இவை யாவும் செல்வோரைக் காக்கும் விதிகள். விதியின் ஒரு பாதிதான் இது. செல்வோரிடமிருந்து பிறரைக் காப்பது மற்றைப் பாதி. காட்டிலும் மலையிலும் கூடாரமடித்துத் தங்கும் கூட்டங்கள் பெருகியுள்ள இக்காலத்தில் பெரிதும் மறக்கப்படுவது அந்த இரண்டாம் பாதியே. அம்மறதியின் விலையை ஊவா மாகாணத்துத் தோட்டங்கள் நன்கு அறியும்.

பதுளைக்கு அண்மையிலுள்ள நாரங்கலைப் புல்வெளிகள், கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையே 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சியின் மேற்றளம், இவற்றையொத்த பிற உச்சிகள் யாவும் விடுமுறை நாள்களில் கூடாரங்களால் நிறைகின்றன. கொழும்பிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் இளைஞர்கள் வான்களிலும் மோட்டார்ச் சைக்கிள்களிலும் அணி அணியாய் வருகின்றனர். இதில் குறை காண்பதற்கு ஏதுமில்லை. நான்கு சுவருக்குள் உழைப்பவன் ஓரிரவு விண்மீன்களின் கீழ் உறங்க விரும்புவது இயல்பே. மலை எல்லோருக்கும் பொதுவானது.

எனினும் மலைக்கு உச்சி மட்டும் அன்று, அடிவாரமும் உண்டு. ஊற்று மேலே பிறக்கிறது. லயம் கீழே இருக்கிறது. தோட்டத்து மக்களுள் மிகப் பலர் குடிப்பதும் சமைப்பதும் மலையோடையிலிருந்து குழாய் வழியே இறங்கிவரும் நீரையே. அது வீழும் இடத்தை அவர்கள் பீலி என்பர். பொழுது விடியுமுன் பீலியடியில் வாளிகள் வரிசையாய் நிற்கும். பெரட்டுக்குப் போகுமுன் குடும்பத்துக்கு வேண்டிய நீரைப் பிடித்து வைக்கவேண்டிய பெண், அந்நீர் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வதற்கு நேரமில்லாதவள். மேலே கூடாரமடித்தவர்கள் ஓடையில் பாத்திரம் கழுவினாலும், சவர்க்காரமிட்டுக் குளித்தாலும், கரையோரத்தில் மலங்கழித்தாலும், அவர்களுக்கு அது ஓரிரவுச் செய்தி. அவளுக்கோ அது குழந்தையின் வயிற்றுப்போக்கு. கூடாரத்தில் இருந்தவரும் பீலியடியில் நின்றவளும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பாசறை ஒழுக்கத்தின் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. பாசறையின் விதிகள் பாசறையில் இல்லாதவருக்காகவே ஏற்பட்டவை.

ஆகவே நீரைப் பற்றிய விதிகளே முதலில் நிற்கத் தக்கவை. கூடாரத்தையும் மலங்கழிக்கும் இடத்தையும் ஓடையிலிருந்து 60 மீற்றருக்குக் குறையாத தொலைவில் அமைத்தல் வேண்டும். ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாத குழி தோண்டி, பின்னர் மண்ணிட்டு மூடுதல் வேண்டும். கழுவுவதற்கு வேண்டிய நீரை முகந்து அப்பாற் கொண்டுசென்று கழுவி, அழுக்கு நீரை மண்ணில் ஊற்றுதல் வேண்டும். இயற்கைச் சவர்க்காரம் என்று உறையில் அச்சிடப்பட்டிருப்பினும் அதனை ஓடையில் கலத்தலாகாது.

இவ்விதிகள் எவரோ பொழுதுபோக்காக எழுதியவை அல்ல. நோயும் சாவும் கற்பித்த பாடங்கள் அவை. தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போயர் வீரர்களை 1900ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசாங்கம் கப்பலேற்றி இலங்கைக்குக் கொணர்ந்து தியத்தலாவையில் முகாமிட்டுத் தங்கவைத்தது. நல்ல காற்றும் குளிர்ச்சியும் வாய்ந்த இடம் அது. காவலும் ஒழுங்கும் நிறைந்திருந்தன. இருந்தும் குடற்காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழும் இடத்தில் நல்ல காற்று மட்டும் உயிரைக் காத்துவிடாது என்பதற்கு அந்த மண்ணே சாட்சி.

ஊவா மாகாணத்தின் மற்றோர் எல்லையில், மொனராகலை மாவட்டத்தில், கதிர்காமம் இருக்கிறது. அங்கே ஆடிவேல் விழாவுக்குக் கால்நடையாய்த் திரண்ட அடியார் கூட்டத்தைக் கண்டு 19ஆம் நூற்றாண்டின் அரசாங்கம் அஞ்சியதற்குக் காரணம் பக்தியன்று, வாந்திபேதி. கூடிய இடத்தில் தொற்றிய நோய், கலைந்தவர்களோடு ஊர் ஊராய்ச் சென்றது. ஆதலால் யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப், 1910ஆம் ஆண்டில் ஹம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபர் என்னும் முறையில் கதிர்காமத்தில் தங்கி அந்தக் கூட்டத்தைக் கண்காணித்தார். அடியார்கள் ஆற்றங்கரையில் காட்டிய ஒழுக்கம் அவர்தம் ஊரில் இருந்த தாயையும் சேயையும் காத்தது. ஒழுக்கக்கேடு அவர்களைக் கொன்றது.

கதிர்காமப் பாதயாத்திரை இன்றும் நடைபெறுகிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோர் கிழக்குக் கரையோரமாய்ப் பல வாரங்கள் நடந்து, உகந்தை மலை முருகன் ஆலயத்தை அடைகின்றனர். அங்கிருந்து குமண வனத்துள் புகுந்து, கும்புக்கன் ஓயாவைக் கடந்து, யால வனத்தின் வழியே கதிர்காமம் சேருகின்றனர். வேலைத் தாங்கியவர் முன்னே செல்ல, ஒருவரையொருவர் ‘சாமி’ என்று அழைத்துக்கொண்டு, அரோகரா முழக்கத்துடன் நடக்கும் அந்தக் கூட்டத்தில் நெடுங்காலப் பண்பு ஒன்று விளங்குகிறது. உண்பது பகிர்ந்து உண்ணப்படுகிறது. தளர்ந்த முதியவருக்காகக் கூட்டம் நிற்கிறது. வேலுக்குப் பின்னே செல்வது வெறும் சடங்கன்று. எவரும் தனித்து முந்தி யானையின் வழியில் அகப்படாதிருப்பதற்கும் அதுவே காவல்.

ஆயினும் இப்பண்பில் ஒரு விரிசலும் கண்டுள்ளது. பாட்டன் காலத்து யாத்திரிகன் காட்டில் விட்டுச் சென்றவை இலையும் சாம்பலும். பேரன் விட்டுச் செல்பவை பிளாஸ்ரிக் போத்தலும் பொலித்தீன் பையும். இலை மக்கும், பொலித்தீன் மக்காது. உணவின் மணம் வீசும் பையை மானும் யானையும் விழுங்கும். இறைவன் பெயரால் நடப்பவருக்கு விதி எதற்கு என்று கேட்போர் உளர். முருகன் குறிஞ்சிக் கடவுள். காடும் மலையும் அவனுடைய இல்லம். ஒருவர் வீட்டு முற்றத்தில் குப்பையைக் கொட்டிவிட்டு, அவரையே வணங்கி நிற்பது முறையாகுமா?

நீருக்கு அடுத்தது நெருப்பு. தென்மேற்குப் பருவமழையை மத்திய மலைகள் தடுத்துவிடுவதால், ஆனி முதல் ஆவணி வரை ஊவாவின் சரிவுகள் வறண்டு கிடக்கும். கச்சான் காற்று ஓயாது வீசும். புற்றரைகள் சருகாய் உலர்ந்திருக்கும். ஒரு தீப்பொறி, ஓர் அணையாத சிகரெட்டுத் துண்டு, மலைமுகட்டையே எரித்துவிடப் போதும். புல் எரிந்த சரிவில் மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடும்; ஊற்று வற்றும்; மீண்டும் பீலியடியில்தான் அதன் துன்பம் தெரியும். எனவே வறட்சிக் காலத்தில் திறந்த நெருப்பு மூட்டாதிருப்பதே நன்று. அனுமதியுள்ள இடத்தில் மூட்டினும், சுற்றிலும் புல்லை நீக்கி, அருகே நீர் வைத்து, புறப்படுமுன் நீரூற்றிக் கிளறி, புறங்கையை அருகே வைத்துச் சூடு அறவே இல்லை என்பதைத் தெளிதல் வேண்டும். மண்ணை மட்டும் மூடிச் செல்வது அணைத்தலாகாது, மறைத்தலேயாகும்.

மழைக்காலத்துக்கு வேறொரு விதி உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண்ணுள் புதைத்ததை ஊவா மறக்கவில்லை. அங்கே வாழ்ந்தோருக்குப் போக வேறிடம் இல்லை. கூடாரமடிப்போருக்கோ வேறிடம் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும்போது சரிவிலே தங்குவது துணிவன்று, மடமை. அவர்களைத் தேடி மீட்க வருவோரும் உயிருள்ள மனிதரே. நீர்வீழ்ச்சியின் மேற்றளத்திலும் இவ்வாறே. மேலே எங்கோ பெய்த மழை சற்று நேரத்தில் வெள்ளமாய் வந்து, பாறைமேல் நிற்பவரை அடித்துச் செல்லும்.

வண்டித் தொடராய் வருவோரும் சில கடமைகளை மேற்கொள்ளுதல் வேண்டும். பதுளைக்கு 1924ஆம் ஆண்டில் புகைவண்டி வந்து சேர்ந்தது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்கள் கரையோரத்து உப்பை ஊவாவுக்குச் சுமந்து வந்தன. மாட்டின் நடையே தவளத்தின் வேகம். மலைப்பாதைக்கு அது பொருந்திற்று. இன்றைய வான்களுக்கு அத்தகைய இயற்கைத் தடை ஏதும் இல்லை. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இரவு எல்ல, வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை நாடறியும். நண்பனின் வண்டியை விட்டுப் பிரியக்கூடாதென்று வளைவுகளில் நெருங்கி ஓடுதலும், ஏறி வரும் வண்டிக்கு இடங்கொடாமையும், குறுகிய தோட்டத்து வீதியை அடைத்து நிறுத்துதலும் விலக்கத் தக்கவை. அவ்வீதியில்தான் தோட்டத்து நோயாளியை ஏற்றிய வண்டியும் வருதல் வேண்டும்.

தோட்டம் ஒரு காட்சிப்பொருள் அன்று. அங்கே மக்கள் வாழ்கின்றனர். தேயிலை மலைக்குள் கூடாரமடிக்குமுன் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெறுதல் முறை. கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேளாது படம் பிடிப்பது, அழைப்பில்லாத வீட்டினுள் எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். நள்ளிரவில் ஒலிபெருக்கியை அலறவிட்டால், விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவரின் உறக்கம் கெடும். ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் உழைப்பை மிதிக்கலாகாது.

இத்துணை விதிகளையும் ஒரு கூட்டம் எவ்வாறு காக்கும்? தலைவன் ஒருவன் கூச்சலிட்டுக் காக்க இயலாது. போயர் போரில் பங்கேற்ற பேடன் பவல், 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீத் தீவில் நடத்திய சோதனைப் பாசறையில் இதற்கு ஒரு வழி கண்டார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அதனுள்ளிருந்தே ஒரு தலைவனை அமைத்தார். 1912ஆம் ஆண்டில் மாத்தளையில் தொடங்கிய இலங்கைச் சாரணர் இயக்கமும் அந்த அணிமுறையையே கைக்கொண்டது. எந்தக் கூட்டத்துக்கும் இது பொருந்தும். ஓரணிக்கு நீர், ஓரணிக்கு நெருப்பு, ஓரணிக்குக் குப்பை என்று பணிகளைப் புறப்படுமுன்னரே பகிர்ந்துகொண்டால், யாரோ செய்வார் என்னும் நினைப்பு எழாது. எல்லோருக்கும் பொதுவான வேலை எவருடைய வேலையும் அன்று என்றாகிவிடுவதே கூட்டங்களின் பெருங்குறை. பிறர்க்கு உதவும் பொதுவாழ்வை விளக்கத் திருவள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ எனத் தனி அதிகாரமே வகுத்தார். அதன் பெயரில் ‘அறிதல்’ என்னும் சொல் அமைந்திருப்பது சிந்திக்கத் தக்கது. ஒப்புரவு தானே வருவதன்று, அறிந்து பழகவேண்டியது.

கூடாரம் பிரிக்கும் வேளையே ஒரு கூட்டத்தின் பண்பைக் காட்டும் வேளை. வரும்போது யாவரும் ஊக்கத்துடன் இருப்பர், போகும்போது களைத்திருப்பர். களைத்த கைகள் குனிந்து ஒரு தகரப்பேணியை எடுக்குமாயின், அதுவே ஒழுக்கம். கொண்டுவந்த யாவற்றையும் திரும்பக் கொண்டுசென்று, நிலத்துக்கு உரியவருக்கு நன்றி கூறி, தங்கிய இடம் தெரியாதவாறு நீங்குதலே பாசறைக்குப் பெருமை.

மறுநாள் வைகறையில் லயத்துப் பெண் வழக்கம்போல் வாளியைப் பீலியின் கீழ் வைக்கிறாள். நீர் தெளிவாய் வீழ்கிறது. முதல்நாள் இரவு மேலே மலையில் எவரேனும் தங்கியிருந்தனரா என்பது அவளுக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பதே தங்கியவர்களின் நல்லொழுக்கத்துக்குச் சான்று.