பெரும்பாடுள்ள பெண்ணும் இரட்சிப்பும்



புசல்லாவையில் காலைக்கூட்டத்து வேதவாசிப்பைக் கேட்டு வளர்ந்த நாங்கள், இரட்சிப்பு என்றால் செத்தபின் மோட்சம் போவது என்றே நினைத்திருந்தோம். இன்று எங்களில் சிலர் வைத்தியர்கள். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் 12 வருடம் பெரும்பாடுபட்ட பெண்ணின் கதை இப்போது வேறு மாதிரிப் படுகிறது. (வைத்தியர்களிடம் எல்லாம் செலவழித்தும் அவள் நோய் கூடியது என்கிறார் மாற்கு. லூக்கா அந்தக் குத்தை விட்டுவிடுகிறார். அவரும் வைத்தியர் என்பார்கள்!)

ஆடையைத் தொட்டதுமே உதிரம் நின்றுவிட்டது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது நோய் தீர்தலுக்கான சொல். இயேசு அதோடு போய்விடவில்லை. தொட்டது யார் என்று கேட்டு நிற்கிறார். தீட்டென்று ஒதுங்கியிருந்தவள் கூட்டத்தின் நடுவே எல்லாவற்றையும் சொல்கிறாள். மகளே என்று அழைக்கப்படுகிறாள். அதன்பிறகே ‘சோட்ஸோ’ என்ற சொல்லை அவர் சொல்கிறார். குணமாக்குதல், காப்பாற்றுதல், இரட்சித்தல் மூன்றுக்கும் அது ஒன்றே.

லூக்கா 7இல் பாவியான பெண்ணுக்கும் அதே வாக்கியந்தான். பழைய வேதாகமம் இரு இடத்திலும் இரட்சித்தல் என்றே போட்டது. 1995இன் திருவிவிலியம் முன்னவளைக் குணமாக்குகிறது, பின்னவளை மீட்கிறது. வாசிக்க இலகுதான், எங்களுக்கு என்னவோ பழையதே சரியாகப் படுகிறது.

கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவருக்குக் குருதிச்சோகை என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தோம். ஹீமோகுளோபின் ஏறியது, குணம் என்று கிளினிக் அட்டையில் எழுதினோம். இரண்டு மாதம் கழித்து வந்து, வருடக்கணக்காக இரத்தம் போவதைச் சொன்னார்.

“லயத்துல யாருக்கும் தெரியாது டொக்டர். நீங்களும் கேக்கலையே.”