தூக்கிச் செல்லப்பட மனம் வேண்டும்



ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா, பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாளாகத் திருஅவை சிறப்பிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு இதனைத் தொடங்கிவைத்தார். மரியாவின் பெற்றோரான தூய சுவக்கீன், அன்னா ஆகியோரின் விழாவை ஒட்டி வரும் இந்த நாளை முன்னிட்டு, பயணம் செய்கிற முதியவர்களைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம் நேயர்களில் எழுபதைக் கடந்தவர்கள் பலர் உண்டு. பிள்ளைகள் ஆளுக்கொரு நகரத்தில் இருக்கிறார்கள். பேரனின் திருமுழுக்கு, உடன்பிறந்தவரின் அடக்கம், ஊர்த் திருவிழா என்று விமானம் ஏற வேண்டியிருக்கிறது. விமான நிலையத்தின் வாசலை ஒட்டியே பத்து நாள் காரை நிறுத்தினால் கட்டணம் அதிகம். ஆகவே சில மைல் தள்ளியிருக்கும் தனியார் நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, அவர்கள் ஓட்டும் ஷட்டில் வண்டியில் விமான நிலையம் போகிறார்கள். சிக்கனமான வழிதான். ஆனால் வயதானவர்களுக்கு அங்கே ஒரு சோதனை காத்திருக்கிறது.

வீட்டிலிருந்து நிறுத்தம் வரை உங்கள் சொந்தக் கார். விமான நிலைய வாசலிலிருந்து விமானம் வரை, கேட்பவருக்குச் சக்கர நாற்காலி உதவி உண்டு. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி விமான நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. இடையில் இருக்கும் அந்தச் சில மைல்களில் உங்களுக்கென்று யாரும் நியமிக்கப்படவில்லை. வண்டியின் படி உயரமாக இருக்கும். பெட்டி 23 கிலோ இருக்கும். குளிர்காலமானால் தரையில் பனி உறைந்து வழுக்கும். அங்கே ஓட்டுநரிடம் வாய்திறந்து கேட்க வேண்டும்: "தம்பி, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் ஏற்றித் தருகிறீர்களா?"

இந்த ஒரு கேள்விதான் நம்மில் பலருக்கு வாயில் வருவதில்லை. வாழ்நாளெல்லாம் பிறர் சுமையைத் தூக்கிப் பழகிய கைகள் அவை. அடுத்தவருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, தாமே பெட்டியைத் தூக்கி, தடுமாறி, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்கள் உண்டு. யாருக்கும் தொல்லையாக இருக்கக் கூடாது என்றவரை, அதன்பின் வீடே சுமக்க வேண்டியதாகிறது.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் பிரிவை நினைத்துப் பாருங்கள். கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து, இயேசுவின் முன் இறக்குகிறார்கள். அந்த நால்வரின் நம்பிக்கையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். படுக்கையில் கிடந்தவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஊரே கூடியிருக்கும் வீட்டில், எல்லாக் கண்களும் பார்க்க, கூரை வழியாக இறக்கப்பட அவர் தம்மை விட்டுக்கொடுத்தார். "வேண்டாம், என்னால் உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று அவர் மறுத்திருந்தால், நால்வரின் அன்பு வாசலிலேயே நின்றிருக்கும்.

உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடமும் முதுமையைப் பற்றிப் பேசினார். இளமையில் விரும்பிய இடத்துக்குப் போனவரை, முதிர்ந்த வயதில் வேறொருவர் கூட்டிச்செல்வார் என்றார். அதைச் சொன்ன பிறகே, தம்மைப் பின்தொடரும்படி மீண்டும் அழைத்தார். ஆக, பிறர் கையைப் பிடித்து நடப்பதும் அவரைப் பின்தொடர்வதுதான்.

நம் காலத்திலும் இதைக் கண்ணால் பார்த்தோம். 2022 ஏப்ரலில் மால்டா நாட்டுக்குப் புறப்பட்ட திருத்தந்தை பிரான்சிஸ், முழங்கால் வலியால் படியேற முடியாமல் மின்தூக்கியில் ஏறி விமானத்துக்குள் போனார். அடுத்த மாதம் சக்கர நாற்காலியில் மக்கள்முன் வந்தார். அதே நாற்காலியோடு ஜூலையில் கனடா சென்று, பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிறர் தள்ளிய நாற்காலியில் அமர்ந்துதான் அந்தப் பெரிய பணியைச் செய்தார்.

பெரியவர்களே, சில நடைமுறைகளையும் சொல்கிறேன். முதல் நாளே நிறுத்தத்துக்குத் தொலைபேசியில் பேசி, படியேறுவது கடினம் என்றால் தூக்குமேடை உள்ள வண்டியைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்தத் தனியார் வண்டிகளுக்கும் பொருந்தும். நீங்கள் கேட்பது சலுகை அல்ல. விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலியை 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஷட்டிலுக்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். கார் நிற்கும் வரிசை எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். திரும்பி வரும் விமானம் நள்ளிரவில் இறங்கினால், களைப்போடு காரை ஓட்டாதீர்கள். அருகில் ஓர் இரவு தங்குங்கள், அல்லது மகனை அழையுங்கள்.

பெட்டியை ஏற்றித் தரும் ஓட்டுநரையும் மறவாதீர்கள். பெட்டிக்கு ஓரிரு டாலர் கொடுப்பது அங்குள்ள வழக்கம். அதோடு அவர் முகம் பார்த்து ஒரு நன்றியும் சொல்லுங்கள். இரவெல்லாம் விமான நிலையத்தைச் சுற்றிவரும் அவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளை.

இளையோரே, பிள்ளைகளே, "இந்த வயதில் எதற்குப் பயணம்?" என்று பெற்றோரை அடக்காதீர்கள். அவர்களுக்காக அந்தத் தொலைபேசி அழைப்பை நீங்கள் செய்யுங்கள். ஷட்டிலில் முன் இருக்கையை எழுந்து கொடுங்கள். கேட்கத் தயங்கி நிற்பவரிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.

இந்த வாரம் ஒரு சிறு முயற்சி செய்வோம். முதியவர்கள் ஒருமுறையாவது வாய்திறந்து ஓர் உதவி கேளுங்கள். மற்றவர்கள், கேட்கும் முன்னே ஓர் உதவி செய்யுங்கள். சுமப்பவரையும் சுமக்கப்படுபவரையும் ஆண்டவர் ஒன்றாகவே பார்க்கிறார்.

இறையாசீர் உங்கள் இல்லங்களிலும் பயணங்களிலும் நிறைவதாக.