மாலை நிறுவையும் மறதியும்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளக் கணக்கைப் பற்றித்தான் இன்றைக்கும் பேசப்போகிறோம். ஆனால் கொஞ்சம் சுற்றி, மூளை வழியாக வருவோம்.

காலை நிறுவை எத்தனை கிலோ? தண்ணீருக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள்? பகல் நிறுவை எத்தனை? இவ்வளவையும் மனதில் வைத்துக் கூட்டி, மாலையில் மடுவத்தில் சொல்லும் தொகையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இப்படி ஒன்றைச் சிறிது நேரம் பிடித்துவைத்துக்கொண்டே அதன்மேல் வேலை செய்கிற திறனுக்குச் செயல்நினைவு என்று பெயர். அது பெரிய பெட்டகம் இல்லை. ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்கள்தான் அதில் நிற்கும். படித்தவருக்கும் அப்படித்தான், துரைக்கும் அப்படித்தான்.

இந்த வேலையில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைக்கு. மன அழுத்தம் கூடும்போது முதலில் தளர்வதும் அதுதான். அப்போது பயமும் பழக்கமும் மேலே வந்துவிடுகின்றன. எவ்வளவு களைத்தாலும் கை கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பதற்கும், கணக்கு மட்டும் நழுவிப்போவதற்கும் காரணம் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கை பழகியது. கணக்கை ஒவ்வொரு நாளும் புதிதாகப் போட வேண்டும்.

ஒரு நாள் களைப்பு ராத்திரி தூங்கினால் போய்விடும். மாதக்கணக்கில் தீராமல் ஊறிப்போன வேலைச்சோர்வு அப்படிப் போகாது. சுவீடனில் அத்தகையவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அச்சத்தை எழுப்பும் பகுதிக்கும் முன்மூளைப் பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு அவர்களிடம் பலவீனமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதைத் தன் பட்டியலில் விளக்கியது. நோய் என்றல்ல, வேலைத்தலத்தில் சரிவரக் கையாளப்படாத நீடித்த அழுத்தத்தின் விளைவு என்று. வேலைத்தலத்தில் என்ற சொல்லை நாம் விடக்கூடாது. "மறதிக்காரி", "புத்தி மட்டு" என்று மலையில் வைத்து ஏசுகிறவர்களுக்கு அதுதான் பதில்.

காசுக் கவலையும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நேரத்தில், அதே ஆட்கள் சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கினார்கள். அறுவடைக்குப் பின் மேலே வந்தார்கள். ஆள் மாறவில்லை, மடியில் இருந்த காசு மாறியது. முற்பணம் முடிந்து சம்பளம் வராத அந்தக் கடைசி வாரத்தை நாம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இது நிலையான சேதமா என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். அமெரிக்காவில் பெரிய பரீட்சைக்காக ஒரு மாதம் கடும் அழுத்தத்தில் படித்த மருத்துவ மாணவர்களிடம் கவனத்தை மாற்றும் திறன் குறைந்திருந்தது, முன்மூளைத் தொடர்புகளும் தளர்ந்திருந்தன. அழுத்தம் குறைந்த ஒரு மாதத்துக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். 2009இல் வந்த ஆய்வு அது. ஆகவே திரும்பலாம். ஆனால் அவர்களுக்குப் பரீட்சை முடிந்தது. நமக்கு மலையிலிருந்து இறங்கியதும் லயத்தில் அடுப்பு, தண்ணீர், பிள்ளையின் கொப்பி என்று அடுத்த வேலை தொடங்குகிறது. இந்த இரண்டாவது வேலையைப் பற்றி ஆண் தோழர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கைதட்டினால் போதாது!

அதனால்தான் நோர்ம் கிலோவைக் கூட்டும் பேச்சு வரும்போதெல்லாம் சங்கம் எதிர்க்கிறது. பகல் ஓய்வு நேரத்தைக் கொறிப்பதையும் அப்படியே. இது சோம்பேறித்தனத்துக்குக் கேட்கும் சலுகை இல்லை.

பேச்சுவார்த்தை முடியும்வரை மனதை நம்பி நிற்க வேண்டாம். ஒவ்வொரு நிறுவையும் முடிந்த உடனே, அந்த இடத்திலேயே, கிலோவையும் கழிவையும் ஒரு அட்டையில் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பக்கத்து நிரையில் நிற்பவர் எழுதிக் கொடுங்கள். மாதக் கடைசியில் அந்த அட்டைகளைச் சம்பளச் சீட்டோடு தலைவியிடம் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து நாங்கள் பார்க்கிறோம்.