பின்சக்கர பிரேக் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா?



ஆல்டோ மாதிரி சின்னக் கார்களில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் இரண்டு ஷூ இருக்கும். அதில் முன்பக்க ஷூ கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்திருந்தால் பயப்படாதீங்க. சக்கரம் சுழலும் வேகமே அதை டிரம்மோடு இறுக்குவதால் அப்படித்தான் தேயும்.

ஆனால் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அது கோளாறு. புதுக்கோட்டை வரை போய்வந்து நிறுத்தினதும், இரண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க, தொடாதீங்க. ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், வீல் சிலிண்டர் சிக்கியிருக்கலாம். டிரம்முக்குள் ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயில் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்க. லைனிங் நனைந்தால் பிடிப்பு சரியாக இருக்காது. மழை ரோட்டில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஷூவை மட்டும் மாத்திட்டு வந்துடாதீங்க. முதலில் காரணத்தைச் சரிசெய்யணும். பிறகு இரண்டு பக்கமும் சேர்த்தே ஷூ மாத்தணும்.

சொந்தக் காருக்கு 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் வண்டியைச் சோதிப்பாங்க. பதிவு முடியும் தேதியை எம்பரிவாகன் செயலியில் பார்த்துக்கலாம். பிரேக்கை அதுவரை நீங்கதான் கவனிக்கணும்.