ஈயம் பூசியதும் பூசாததும்

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஈயம் பூசினாற்போலவும் இருக்கவேண்டும், பூசாதது போலவும் இருக்கவேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. செய்தாற்போலக் காட்டிச் செய்யாமல் நழுவுகிறவர்களைக் குத்திக் காட்டும் பழமொழி. நான் இன்று அந்த ஈயத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். நாடகம் எழுதுகிறவனுக்கு, அதிலும் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவனுக்கு, ஈயத் தொட்டியிடம் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். தொட்டியின் முன்னே நிற்பவள் என் ஊர்ப்பெண், அது போதாதா என்றேன்.

வானொலியாயினும், தொலைக்காட்சியாயினும், கைப்பேசியின் சார்ஜராயினும் உள்ளே ஒரு பலகை உண்டு. பலகையிலே துளைகள், துளைகளிலே உறுப்புகளின் கம்பிக் கால்கள். அடிப்பக்கத்தில் பிளக்ஸ் தடவி, உருகிய ஈயத்தின்மீது இரண்டு மூன்று நொடி அமிழ்த்தி எடுத்தால் கால்கள் பற்றிக்கொள்ளும். பெரிய ஆலைகளில் அலையாய் எழும்பும் ஈயத்தின்மேல் இயந்திரம் பலகையைக் கடத்துகிறது. சிறு பட்டறைகளிலோ கையும் இடுக்கியுமே இயந்திரம்.

ஈயம் என்று ஒரு சொல்லால் சொல்கிறோம், இருப்பதோ இரண்டு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். தூண்டில் குண்டு காரீயம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தால் 183 பாகை செல்சியஸில் உருகும், விலையும் குறையும். ஆகவே தொட்டிதோறும் இந்தக் கலவையே ஆண்டது.

காரீயம் எத்தகையது? உடலுக்குள் புகுந்தால் எலும்பிலே குடியேறும், பல்லாண்டு தங்கும். தாய் கருவுற்றால் எலும்பைவிட்டுக் கிளம்பிச் சிசுவைத் தேடிச் செல்லும். குழந்தையின் அறிவை மழுக்கும். தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டிலே 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே காரீய நஞ்சை அறிவிக்கவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் எழுதிவைத்தது. எழுதிவைத்தது, தொட்டி அசையவில்லை!

2006ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஐரோப்பிய ஒன்றியம் தன் வாயிலைச் சாத்திற்று. மின்கருவியின் எந்தப் பொருளிலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்றது. அசைந்தது தொட்டி! தொழிலாளியின் எலும்பு அசைக்காததைத் துறைமுகத்துச் சோதனை அசைத்தது. நம் நாட்டு மின்கழிவு விதிகளும் 2012 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. அதே அளவைச் சொல்லின.

அந்தச் சட்டத்தைப் பழிக்கவில்லை, தோழர்களே. சீனத்துக் குய்யூ நகரிலே பழைய பலகைகளைக் கரியடுப்பில் வாட்டி உறுப்புகளைப் பிரித்தார்கள். அவ்வூர்க் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். குப்பைக்கும் குழந்தைக்கும் நடுவே எழுப்பிய சுவர் அச்சட்டம். என் கேள்வி வேறு: தொட்டிக்கும் அவளுக்கும் நடுவே என்ன இருக்கிறது?

பட்டறையொன்றுக்குச் சென்றிருந்தேன், பெயர் வேண்டாம். வாயிலிலே 'காரீயமற்றது' என்ற பச்சைச் சீட்டு. உள்ளே பழைய எவர்சில்வர் தொட்டி. கட்டி மட்டும் புதிது. நூற்றுக்கு 99.3 வெள்ளீயம், மீதி செம்பு. இது உருக 227 பாகை வேண்டும். முன்பு 250 பாகையில் நடந்த வேலைக்கு 260, 270 என்று ஏற்றுகிறார்கள். வெள்ளீயம் மிகுந்த இந்தக் கலவை, அந்தச் சூட்டிலே எவர்சில்வரையே அரிக்கும். கரைந்த இரும்பு ஊசிகளாய் விளைந்து, கால்களுக்கிடையே பாலம் போட்டுப் பலகையைக் கெடுக்கும். டைட்டானியம் தொட்டியோ, மேற்பூச்சிட்ட வார்ப்பிரும்புத் தொட்டியோ தேவை. இன்னொன்று: காரீயம் பூசிய பழைய உறுப்புகளை நுழைத்தால் அவற்றின் கால்கள் தொட்டியிலே கரையும். 100 கிலோ தொட்டியில் 100 கிராம் காரீயம் சேர்ந்தால் எல்லையைத் தொட்டாயிற்று. பச்சைச் சீட்டு பொய்யாகிவிடும்.

இவையெல்லாம் முதலாளிக்குத் தெரிகிறது. பலகை கெட்டால் பணம் கெடுமே! வாங்குகிறவர் எக்ஸ் கதிர்க் கருவி வைத்துப் பார்க்கிறாரே!

அந்தத் தங்கை சொன்னாள்: "காரீயம் போய்விட்டது என்று சொல்லிப் புகைக்குழாயையும் கழற்றிவிட்டார்கள், அண்ணா. இருமல் மட்டும் போகவில்லை."

எப்படிப் போகும்? தொட்டியின் சூட்டிலே காரீயம் ஆவியாவது மிகச் சொற்பம். கசடு வழிக்கும்போது பறக்கும் தூசியும், கழுவாத கையால் உண்ணும் சோறுமே அதன் வழி. கண்ணெதிரே எழும் புகை பிளக்ஸின் புகை. பைன் மரப் பிசின் வேகும் புகை. அது ஆஸ்துமாவைத் தரும் என்று பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் துறை எச்சரித்திருக்கிறது. காரீயமற்ற தொட்டிக்குச் சூடு மிகுதி. சூடு மிகுந்தால் புகை மிகுதி. குழாயைப் பெரிதாக்கவேண்டிய நாளிலே கழற்றினார்கள்!

முதலாளியிடம் கேட்டேன். "சட்டப்படி நடக்கிறோம்" என்றார். பலகையைப் பற்றிய சட்டத்தைச் சொன்னார். அவள் அங்கே பன்னிரண்டு ஆண்டாய் நிற்கிறவள். முதல் ஏழாண்டு பழைய கலவையின் முன்னே நின்றவள். தொட்டியிலிருந்து காரீயத்தை ஒரே நாளில் வடித்தீர்கள், ஐயா. அவள் எலும்பிலிருந்து வடிப்பது எப்போது? இரத்தத்தையாவது ஒருமுறை சோதித்தீர்களா? அடுத்த ஆடியிலே அவளுக்குத் தலைப்பிள்ளை பிறக்கவிருக்கிறது.

நெடுநேரம் பேசினோம். புகைக்குழாயை மீண்டும் பொருத்த ஒப்புக்கொண்டார். கசடு வழிக்க மூடியுள்ள கலம், கை கழுவத் தனிக் குழாய், உண்ணத் தனி இடம், இவற்றைப் பார்க்கலாம் என்றார். இரத்தச் சோதனைக்குத்தான் இன்னும் இசையவில்லை. பணம் எவர் தருவார் என்கிறார். வரும் புதனன்று மீண்டும் செல்கிறேன். அந்தப் பக்கத்துத் தோழர்கள் உடன் வரவேண்டும்.