சிக்கனம் செழிப்பின் காலத்திலேயே தொடங்கட்டும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வல்ல இறைவனுக்கே எல்லாப் புகழும். இந்த ஆண்டுக் கூட்டத்தில் நாம் எதைப்பற்றிப் பேசுவது என்று நிர்வாகத்தார் வினவியபோது, "வீட்டுச் செலவைப் பற்றிப் பேசுகிறோம்" என்று கூறினோம். சிலர் வியப்புடன் நோக்கினர். தொழுகையையும் நோன்பையும் பற்றிப் பேச வேண்டிய இமாம், அடுப்படிக் கணக்கைப் பற்றிப் பேசுவதா என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் நமது பள்ளியை ஒட்டிய சிறு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு மனக்குறையைச் சொல்வோரில் பெரும்பாலோர் கடனைப் பற்றியே சொல்கின்றனர். தம்பதியர் பிணக்கு என்று தொடங்கும் பேச்சும், விசாரித்துப் பார்த்தால், அடகுக் கடையில் கிடக்கும் நகையில்தான் வந்து முடிகிறது. ஆகவேதான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறோம். இந்த உரை ஏழைகளுக்கு உரியதன்று. விடியற்காலையில் எழுந்து இடியாப்பம் பிழிந்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கு நாம் சிக்கனத்தைக் கற்பிக்கத் தேவையில்லை. அவரிடம் நாம்தாம் கற்க வேண்டும். இல்லாதபோது செலவைக் குறைப்பதற்குப் பெயர் சிக்கனமன்று, அது கட்டாயம். இருக்கும்போது குறைத்துக்கொள்வதே சிக்கனம். மாதந்தோறும் கையில் பணம் புழங்குகின்ற குடும்பங்களை நோக்கியே நாம் பேசுகிறோம்.

அன்பர்களே! மார்க்க அறிஞர்கள் செலவை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டியுள்ளனர். ஆகுமான காரியத்தில் அளவு கடப்பது 'இஸ்ராஃப்'. செலவிடத் தகாத இடத்தில் பொருளைச் சிதறடிப்பது 'தப்தீர்'. கொடுக்க வேண்டிய இடத்திலும் கையை இறுக மூடிக்கொள்வது 'புக்ல்' எனும் கஞ்சத்தனம். இவற்றுக்கு இடைப்பட்ட நடுநிலையைத் திருக்குர்ஆனின் 25ஆவது அத்தியாயம் நல்லடியார்களின் பண்புகளுள் ஒன்றாக எடுத்துரைக்கிறது. ஆகச் சிக்கனம் என்பது பணப்பையின் செய்தி மட்டுமன்று, பண்பின் செய்தியுமாகும்.

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கிணற்றையும் சிறைச்சாலையையும் நினைவில் வைத்திருக்கும் நாம், அவர்கள் கூறிய பொருளாதார ஆலோசனையை மறந்துவிடுகிறோம். எகிப்து மன்னர் கண்ட கனவுக்கு விளக்கம் சொல்லும்போது, ஏழாண்டுகள் நல்ல விளைச்சல் இருக்கும், அதன்பின் ஏழாண்டுகள் பஞ்சம் வரும் என்று அவர்கள் கூறினார்கள். அத்துடன் நில்லாமல், வழியையும் காட்டினார்கள். விளைந்ததில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதைக் கதிரோடு விட்டு வைக்கச் சொன்னார்கள். உமியோடு இருக்கும் தானியம் நெடுநாள் கெடாது. நம் உழவர்கள் விதைநெல்லைக் குத்தாமல் நெல்லாகவே காத்து வைப்பதும் இதனால்தானே!

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஆலோசனை பஞ்சம் வந்தபிறகு சொல்லப்பட்டதன்று. களஞ்சியம் நிறையத் தொடங்குவதற்கு முன்பே சொல்லப்பட்டது. விளைச்சல் ஆண்டிலேயே கைப்பிடித்துச் செலவிட்ட நாடுதான் பஞ்ச ஆண்டைக் கடந்தது.

நமது மஹல்லாவின் விளைச்சல் ஆண்டுகள் எவை? வளைகுடா நாடுகளுக்குச் சபர் சென்றவர்கள் பணம் அனுப்பிய ஆண்டுகள்தாம். அந்தப் பணத்தால் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. இந்தப் பள்ளியின் மேல்தளமும் அவ்வாறு எழுந்ததே. அதற்காக நாம் நன்றி செலுத்துகிறோம். ஆனால் பஞ்ச ஆண்டும் வந்தது. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எண்ணெய் விலை சரிந்தபின் அங்குள்ள வேலைகள் பல சுருங்கின. சவூதி அரேபியாவில் 2017 ஜூலை முதல், உடன் தங்கியிருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டு, அது ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலாயிற்று. மனைவி மக்களைப் பலர் ஊருக்கு அனுப்பினர். 2020இல் கொரோனா வந்தபோது வேலையே போய், சிறப்பு விமானங்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்!

அவ்வாறு திரும்பிய ஒரு சகோதரரைப் பற்றிச் சொல்ல அவரிடமே அனுமதி பெற்றுள்ளோம், பெயர் சொல்லவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் சபர். குடியோ, சூதோ, எந்தத் தீய பழக்கமோ அறியாதவர். ஊர் திரும்பிய எட்டாம் மாதம் நம் அறைக்கு வந்து, "ஹஜ்ரத், மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள், கல்லூரிக்குக் கட்ட என்னிடம் பணமில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். பத்தொன்பது ஆண்டு உழைப்பு எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

நாம் அவரை அமர வைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, நினைவுக்கு வந்தவற்றை எழுதச் சொன்னோம். யாரும் குடியிராத மாடி ஒன்று. இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள். ஒவ்வொரு விடுமுறைக்கும் உறவினர் அனைவருக்கும் வாங்கி வந்த அன்பளிப்புகள். மச்சானின் நிக்காஹ்வுக்குத் தகுதிக்கு மீறிச் செய்த சீர். அதற்காக அடகு வைத்த நகை, அந்த நகைக்குக் கட்டிய வட்டி. ஆண்டுக்கொரு கைப்பேசி. அவற்றில் எதுவும் பாவச் செயலன்று, வட்டி ஒன்றைத் தவிர. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு பெண் பிள்ளையின் படிப்பை விழுங்கப் பார்த்தன.

முடிவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அந்த மகளே கணக்கெழுதும் பொறுப்பை ஏற்றாள். மாடி வாடகைக்கு விடப்பட்டது. நமது பைத்துல் மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாக முதலாண்டுக் கட்டணம் கொடுக்கப்பட்டது. அது முழுவதும் திரும்ப வந்துவிட்டது. ஆயினும் அடகில் இருந்த ஒரு சங்கிலி ஏலத்தில் போயிற்று. அது அந்த உம்மாவின் தாய் கொடுத்தது. போனது போனதுதான். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

அன்புக்குரியவர்களே! அன்றாட வாழ்வுக்கு வருவோம்.

முதலில் தண்ணீர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்ததாகவும், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்ததாகவும் புகாரி, முஸ்லிம் நூல்களில் அறிவிப்பு உள்ளது. முத்து என்பது நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்ந்து நிறையும் அளவு. ஒரு ஸாஉ நான்கு முத்து. நமது பள்ளியின் குழாயடியில் நடப்பதென்ன? நிமிடத்திற்கு ஆறு லிட்டர் கொட்டும் குழாயை மூன்று நிமிடம் திறந்து வைத்தால் 18 லிட்டர் போய்விடுகிறது. தலைக்கு மஸஹு செய்யும்போதும் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. இறைவனை வணங்கப் புறப்படும் வழியிலேயே வீண்விரயம் செய்துவிட்டுச் செல்கிறோம்.

இரண்டாவது மின்சாரம். பழைய 60 வாட் குண்டு பல்பு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் முப்பது நாளில் 9 யூனிட் ஆகும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவே. ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட எடுக்கும் மின்சாரத்தில், சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 20 மணி நேரம் சுழலும். பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாகக் கூடுகிறது என்பதையும் மறக்கலாகாது. நோயாளிக்கும் குழந்தைக்கும் குளிர்ச்சி வேண்டுமெனில் ஓடட்டும். ஆளில்லா அறையில் எதற்கு?

மூன்றாவது அடுப்படி. ரமளானில் நமது பள்ளியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், சிறிது கைமா, அவ்வளவுதான். ஒரு கிலோ இறைச்சி ஒரு பெரிய தேக்சாவுக்கே மணம் கொடுக்கிறது. செல்வரும் வறியவரும் வாளியோடு வரிசையில் நின்று வாங்கிச் செல்கின்றனர். எவருக்கும் அது தாழ்வாகத் தோன்றவில்லை. ஆனால் அதே தெருவில் வலீமா விருந்து முடிந்தபின் குழியில் கொட்டப்படும் பிரியாணியை நம் கண்ணால் கண்டிருக்கிறோம். கீழே விழுந்த கவளத்தையும் தூசி துடைத்து உண்ணப் பணித்த நபியின் உம்மத்து நாம்! வீட்டிலும் பருப்பை முன்னரே ஊற வைத்தால், பாத்திரத்தை மூடிச் சமைத்தால், எரிவாயு மிச்சமாகும். நேற்றைய சோற்றில் நீரூற்றி வைத்து உண்ட நம் பாட்டன்மார் வலிமை குன்றியா வாழ்ந்தனர்?

நான்காவது, கைக்குத் தெரியாமல் போகும் காசு. கடையில் 15 ரூபாய் தேநீரை நாளைக்கு இரண்டு முறை குடித்தால் ஆண்டுக்கு 10,950 ரூபாய். தேநீர் குடிக்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை, நாமும் குடிப்பவர்தாம். இரண்டில் ஒன்றை வீட்டில் குடிக்கலாமே என்றுதான் சொல்கிறோம்.

ஐந்தாவது, தவணை. பொருள் இன்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. கடன் மட்டும் மாதந்தோறும் வந்து கதவைத் தட்டுகிறது. "வட்டி இல்லை" என்ற விளம்பரத்திற்குக் கீழே நடைமுறைக் கட்டணம் என்றும் தாமதக் கட்டணம் என்றும் என்னென்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

இவ்வாறெல்லாம் பேசும் நாம் தவறாதவரா என்றால், இல்லை. மதரஸாவில் ஓதிய காலத்தில் ஒரே சஹனைச் சுற்றி ஆறு மாணவர்கள் அமர்ந்து உண்டோம். இரண்டு ஜுப்பாவில் ஓராண்டைக் கழித்தோம். அந்தப் பயிற்சி பெற்ற நாமே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநாளுக்குப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு துணிக்கடையில் கடனுக்குப் புத்தாடை எடுத்தோம். அந்தக் கடனை அடைக்க ஐந்து மாதமாயிற்று. அந்த ஐந்து மாதமும் அந்தக் கடைத்தெரு வழியே செல்லாமல் சுற்றிச் சென்றோம். மிம்பரில் நின்று பேசுகிறவர் கடைக்காரரைக் கண்டு வழிமாறிச் செல்வது எத்தகைய இழிவு என்பதை அப்போது உணர்ந்தோம். கடன் முதலில் பறிப்பது நிமிர்ந்த நடையைத்தான்.

இனி ஓர் எச்சரிக்கை. சிக்கனம் என்ற பெயரில் கஞ்சத்தனம் நுழைந்துவிடக் கூடாது. வீட்டுவேலை செய்யும் பெண்ணின் கூலியில் ஐம்பது ரூபாய் பிடிப்பது சிக்கனமன்று. வாப்பாவின் மருந்தைத் தள்ளிப் போடுவது சிக்கனமன்று. மனைவிக்குச் செலவுக்குக் கொடுக்காமல், தான் மட்டும் வெளியில் நன்றாக உண்பது சிக்கனமன்று, அநீதி. பிறர் உரிமையில் குறைத்தால் அது பறிப்பு. தன் ஆசையில் குறைத்தால் அதுவே சிக்கனம்.

நிறைவாக, இந்த ஜமாஅத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் மூன்று மாதம் மட்டும் செலவுக் கணக்கு எழுதுங்கள். பிள்ளைகள் எழுதட்டும். வீட்டுக் கணக்கை அறிந்த பிள்ளை அடம்பிடிக்காது.

இரண்டு, சம்பளம் வந்த நாளிலேயே ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். செலவு போக எஞ்சியதைச் சேமிப்போம் என்றால் எதுவும் எஞ்சாது.

மூன்று, வசதியுள்ள குடும்பங்கள் வலீமாவை எளிமையாக்க முன்வர வேண்டும். இல்லாதவர் எளிமையாகச் செய்தால் ஊர் ஏளனம் பேசும். இருப்பவர் செய்தால் அதுவே ஊர் வழக்கமாகும். கடன் வாங்கி விருந்து வைக்கும் ஏழைத் தந்தையை அந்தச் சுமையிலிருந்து விடுவிக்க வேறு வழியில்லை.

நான்கு, நிர்வாகத்திற்கு. தொழுகை முடிந்தபின் எரியும் விளக்குகள், சொட்டும் குழாய்கள் ஆகியவற்றிலிருந்து நமது பள்ளியே தொடங்கட்டும். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் பல லிட்டரை வீணாக்குகிறது. அந்தப் பொறுப்பை இமாமாகிய நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

பெரியோர்களே! சேமிப்பு நிஸாப் அளவை எட்டி ஓராண்டு கடந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமையாகிறது. நமது பைத்துல் மாலில் இரண்டு பதிவேடுகள் உள்ளன: கொடுப்போர் பதிவேடு, பெறுவோர் பதிவேடு. விளைச்சல் ஆண்டில் கதிரைக் காத்து வைத்த குடும்பம் முதலாவதில் நிற்கிறது. உண்டு தீர்த்த குடும்பம், அதே தெருவில், அதே வருவாயில் வாழ்ந்தும், இரண்டாவதற்கு வந்துவிடுகிறது. அவ்வாறு பெயர் மாறியதை எழுதும்போது நமது கை தயங்கியதுண்டு. வரும் ஆண்டில் அந்தப் பெயர்களுள் ஒன்றேனும் முதல் பதிவேட்டுக்குத் திரும்பி வரட்டும்.

நம் வருவாயில் பரக்கத்தையும், செலவில் நடுநிலையையும், கடனில்லா வாழ்வையும், கொடுக்கும் கையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.