விற்கிறவருக்கும் படிப்பு வேண்டும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பெரியவனானதும் என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்டால், நம்ம பிள்ளைங்க "டாக்டர்", "தாதி" என்பார்கள். நல்லதுதான். ஆனால் டாக்டர் கையிலும் தாதி கையிலும் இருக்கிற ஒவ்வொரு கருவியையும் யாரோ ஒருவர் கொண்டுவந்து, விளக்கி, விற்றிருக்கிறார். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

"விற்பனையா சார்? வாய் இருந்தால் போதுமே, அதுக்கு எதுக்குப் படிப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள்.

நோயாளிக்கு 500 மில்லிலிட்டர் உப்புநீரை 8 மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் டாக்டர். மணிக்கு எவ்வளவு? மாணவர்களே, வகுத்துப் பாருங்கள். 62.5 மில்லிலிட்டர். அந்த எண்ணைப் பம்பில் தட்ட வேண்டும். புள்ளி விடுபட்டு 625 ஆகிவிட்டால்? 8 மணி நேரத்தில் போக வேண்டிய நீர் 48 நிமிடத்தில் உடம்புக்குள் போய்விடும். ஒரு சின்னப் புள்ளிதான். ஆனால் அது உயிர் விஷயம்.

அந்தப் பம்பை விற்றவர் பணம் வாங்கியதோடு போய்விட முடியாது. வார்டில் தாதியரைக் கூட்டி, எந்தப் பொத்தான் எதற்கு, எச்சரிக்கை மணி அடித்தால் குழாய் மடங்கியிருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது எனச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவரும் ஒரு வாத்தியார்தான்!

இரத்த அழுத்தம் பார்க்கிறோமே, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். விற்கிறவருக்கு இது தெரியாவிட்டால், ஒரே அளவுப் பட்டையை விற்றுவிட்டுப் போய்விடுவார்.

இந்தத் தொழிலுக்குச் சட்டமும் உண்டு. நம் நாட்டின் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி, கருவியைப் பதிவு செய்த பிறகே விற்கலாம். ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள். நாக்கை அழுத்திப் பார்க்கும் குச்சி ஏ வகுப்பு. இதயத்தில் பொருத்தும் செயற்கை வால்வு டி வகுப்பு.

கஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மாதா மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று கணக்கு வைப்பார்கள். ஊர் ஊராகக் கார் ஓட்ட வேண்டும். ஆசையும் வரும்; வாங்குகிற அதிகாரிக்கு ஏதாவது கொடுத்தால் காரியம் நடக்கும் என்று சிலர் காதில் ஓதுவார்கள். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி லஞ்சத்துக்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. நேர்மையைப் பள்ளியிலேயே பழகாதவன் அங்கே தடுக்கி விழுவான்.

தோட்டத்துச் சொந்தங்களே! அறுவை சிகிச்சைக் கையுறைகளிலும் சிறுநீர்க் குழாய்களிலும் பல ரப்பர்ப் பாலில் செய்யப்பட்டவை. 1980களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது உலகமெங்கும் கையுறைக்குத் தேவை கூடியது. நம் நாட்டில் தொழிற்சாலைகள் பெருகின. விடியுமுன் எழுந்து மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பு இப்படித்தான் மருத்துவமனைக்குள் போனது. பால் போன இடத்துக்குப் பேரப்பிள்ளையும் போக வேண்டாமா? தலை நிமிர்ந்து, அந்தப் பொருளை விளக்கிச் சொல்கிறவனாக, சொல்கிறவளாகப் போக வேண்டாமா?

அதற்கு உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, "கஷ்டமாக இருந்தால் விட்டுவிடு" என்று அறிவியலையும் கணிதத்தையும் கைவிடச் செய்யாதீர்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் கூச்சமில்லாமல் பேசவிடுங்கள். புரியாததைத் தமிழில் கேட்டுத் தெளியும் பழக்கத்தை இங்கே நாங்கள் ஊட்டுகிறோம்.

இன்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. வாங்காத பிள்ளைகளே, வீட்டுக்குப் போய் 500ஐ 8ஆல் வகுத்து, புள்ளியைச் சரியான இடத்தில் வைத்து அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். அந்தப் புள்ளியை மதிக்கிற பிள்ளைக்கு எதிர்காலம் உண்டு.